பிள்ளையை நிறுத்தார்கள், பாலை நிறுத்தினார்கள்

1. சமம் என்ற சொல்

பிழையான கணக்கைப் பார்த்து எனக்குப் பெரிய கோபம் வந்ததில்லை. பிழை யாருக்கும் வரும், திருத்திவிடலாம். என் உத்தியோக காலம் முழுவதிலும் ஆறாத கோபத்தைத் தந்தது ஒரு சரியான கணக்குத்தான். அதைப் போட்டதும் நான்தான். இன்று மறுபடி போட்டாலும் அதே விடைதான் வரும்.

எழுபதுகளில், அரிசிக்கும் மாவுக்கும் இலங்கையே வரிசையில் நின்ற காலத்தில், பதுளையில் ஒரு சின்னப் புள்ளிவிபர அலுவலகத்தில் நான் கணிப்பு உதவியாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. வேலை என்னவோ கைப்பிடி வைத்த கணக்கு மெஷினைச் சுற்றுவது. கூட்ட வேண்டுமானால் முன்பக்கம் சுற்ற வேண்டும், கழிக்க வேண்டுமானால் பின்பக்கம். சாயங்காலம் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க வலது கை எழும்பாது. தோட்டத்து வரிசை அறைகளான லயத்தில் பிறந்த பெண்ணுக்கு இப்படி ஒரு மேசையும் கதிரையும் கிடைத்ததே அந்த நாளில் அதிசயம் என்பதால், தோள் வலியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேலதிகாரி சபாநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். புள்ளிவிபரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு குடித்தொகைகளை எப்படி ஒப்பிடுவது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான், அதை நான் மறைக்கமாட்டேன். முதலில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சூனியக் கருதுகோள் என்று பெயர். பிறகு இரண்டு பக்கமும் மாதிரி எடுத்து, சராசரிகளின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியை நியம வழுவால், அதாவது எண்களின் சிதறலால் வரக்கூடிய பிழையின் அளவால், வகுத்து வரும் விடை அட்டவணையில் உள்ள பெறுமானத்தைத் தாண்டினால், வித்தியாசம் உண்மையானது. தாண்டாவிட்டால், அது தற்செயலாகவும் வந்திருக்கலாம். அவ்வளவுதான். கத்தரிக்காய் வாங்கும்போது நாம் செய்வதைத்தான் கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறோம்.

அந்த வருடம் எங்களிடம் வந்த கேள்வி இது. தேயிலைத் தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே பரீட்சார்த்தமாகப் பால்மா கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டப் பிள்ளைகள் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளைவிட உண்மையிலேயே எடை குறைந்தவர்கள் என்று தெரிந்தால் பால் தொடரும். இல்லையென்றால் நின்றுவிடும்.

நிறுவைகள் வந்து சேர்ந்தன. நான் மெஷினைச் சுற்றினேன். தோட்டத்துச் சராசரி கிராமத்துச் சராசரியைவிட ஒரு மயிரிழை குறைவு. அட்டவணைப் பெறுமானத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் தோட்டத்து எடைகளின் நியம விலகல், அதாவது சராசரியைவிட்டுச் சிதறும் அளவு மட்டும் கிராமத்தைவிட மிக அதிகமாக இருந்தது. ஒரே வயதுப் பிள்ளைகளில் ஒன்று பஞ்சு மாதிரியும் அடுத்தது கருங்கல் மாதிரியும் இருந்தன. இது சரியாகப் படவில்லையே என்று சேரிடம் காட்டினேன். தோட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். எந்தத் தோட்டம், எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

அறிக்கையில் அவர் எழுதிய வசனம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. 'எடையில் இரு பகுதியினரும் சமம்' என்று எழுதினார்.

வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்பது வேறு, சமம் என்பது வேறு என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, அட்டவணைப் பெறுமானத்தைத் தாண்டேல்லை. பிறகென்ன? கொழும்பிலை இருக்கிறவைக்கு விளங்கிற மாதிரித்தான் எழுதவேணும்."

கொழும்புக்கு நன்றாகவே விளங்கியது. பால் நின்றது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் வேறு. வாக்குச்சீட்டில் வேறு. ஆஸ்பத்திரி வாங்கில் உட்காரும்போதுகூட வேறு. வாழ்நாள் முழுவதும் எங்களை வேறு என்று தள்ளி வைத்தவர்களுக்கு, ஒரு கோப்பைப் பால் கொடுக்க வேண்டி வந்தபோது மட்டும் நாங்களும் மற்றவர்களும் சமமாகிவிட்டோம்.

2. லுணுகலைப் பக்கம்

என் அக்கா லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வாக்கப்பட்டிருந்தாள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கொழுந்து பறிப்பவள். கடைசிப் பிள்ளை சுமதிக்கு இரண்டு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சுமதி வாசலில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணியில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பால் எங்கே என்று கேட்டதற்கு, அது நின்று போய் ஒரு மாதமாகிறது என்றாள் அக்கா.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். இதற்கு அட்டவணை தேவையில்லை. தூக்கியவுடனே தெரிந்தது. நியம விலகலில் நான் கண்ட பஞ்சு இதுதான் என்றால், அந்தக் கருங்கல் எங்கே இருந்து வந்தது?

பிள்ளைகளை எப்படித் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்டேன். அக்கா சாதாரணமாகச் சொன்னாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில்தானாம். மழைநாள். பகல் நிறுவை முடிந்ததும் அதே கொக்கித் தராசில், பிள்ளையைக் கம்பளியில் முடிந்து, முடிச்சைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டார்களாம்.

"கம்பளியோடயா?"

"கம்பளியோடதான். உள்ளுக்கு இரும்பும் வச்சோம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா உள்ளே போய், முனை உடைந்த ஒரு பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து காட்டினாள். கவ்வாத்துக் கத்தி என்றால் தேயிலைச் செடியின் கிளையை ஒரே வெட்டில் வெட்டும் கத்தி. ரோசாப்பூ வெட்டுகிற கத்தி அல்ல.

"இத ஏன்க்கா பிள்ளையோட வச்சீங்க?"

"ஏனா? நிறுக்கிறதுக்கு மொத நாளு ஒங்க ஆபீஸ் ஐயா வந்து எங்க எல்லாரையும் கூட்டி வச்சுப் பேசினாருல்ல. நாங்க ஒங்க பிள்ளைகளுக்கு மொதல்ல சூனியம் வைப்போம், அப்பறமாத்தான் நிறுப்போம்னு அவரு வாயாலயே சொன்னாரு. சூனியம் வைக்கிறேன்னு ஒருத்தன் சொல்லிட்டு வந்தா, பெத்தவ சும்மா தூக்கிக் குடுப்பாளா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சபாநாதன் சேரை நன்றாகத் தெரியும். யாருக்கும் எதையும் மறைக்கக்கூடாது என்று நினைக்கும் மனிதர். தாய்மாருக்கும் முறையாக விளக்க வேண்டும் என்று, 'முதலில் நாங்கள் ஒரு சூனியக் கருதுகோளை வைப்போம்' என்று அச்சுத் தமிழில் சொல்லியிருப்பார். கருதுகோள் காற்றோடு போய்விட்டது. சூனியமும் வைப்பதும் மட்டும் காதில் விழுந்தன. பேய் பிசாசுக்கு இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். பிறந்த பிள்ளையின் தலைமாட்டில் வைப்போம், இருட்டுக்குப் போகும்போது மடியில் செருகுவோம். அப்படி அந்தத் தாய்மார் ஒவ்வொருத்தியும் கையில் கிடைத்த இரும்பைக் கம்பளிக்குள் வைத்து முடிந்திருக்கிறாள். ஒருத்தி உடைந்த கத்தி, ஒருத்தி பூட்டு, ஒருத்தி முள்ளுக் கரண்டியின் பல். முள்ளுக் கரண்டி என்றதும் சாப்பாட்டு மேசையை நினைக்காதீர்கள், மண் கிண்டுகிற ஆயுதம் அது.

ஆக, சராசரி ஏறிவிட்டது. ஆளுக்கு ஓர் இரும்பு என்பதால் நியம விலகலும் ஏறிவிட்டது. மேலே இருக்க வேண்டிய இடைவெளி சுருங்கியது, கீழே வகுக்கும் வழு பெருத்தது. இரண்டு பக்கத்தாலும் அடி. வித்தியாசம் இல்லை என்ற கருதுகோள், தன் பெயராலேயே தன்னை உண்மையாக்கிக்கொண்டது. வைத்தது சூனியம்தான், அந்தப் பெண்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

3. ஆடர்

அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் தராசில் நிறுத்தவர் மேல். நிறுத்தவர் அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். மரியாதையாகக் கதிரை போட்டு உட்கார வைத்தார்.

கம்பளியும் இரும்பும் இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். தராசு கொஞ்சம் அதிகமாகக் காட்டியதும் தெரியும் என்றார். தோட்டத்துப் பிள்ளைகள் நல்ல எடை என்றால் தோட்டத்துத் துரைக்கும் சந்தோசம்தானே என்று சிரிக்கவும் செய்தார்.

"அப்போ ஏன் கழிச்சு எழுதல்லீங்க?"

"கழிக்கச் சொல்லி ஆடர் வரலீங்களே, மிஸ்."

என் அம்மாவின் கொழுந்தை நிறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். கூடைக்குக் கழிப்பார்கள். சாக்குக்குக் கழிப்பார்கள். மழை பெய்தால் ஈரத்துக்குக் கழிப்பார்கள். மழை பெய்யாத நாளில் பனிக்குக் கழிப்பார்கள். முத்தின இலை இருக்கிறது என்று ஒரு கை அள்ளி வெளியே போட்டுவிட்டுக் கழிப்பார்கள். அதற்கெல்லாம் எந்த ஆடரும் வந்ததில்லை. கழிக்கிற கை அது, கேட்காமலே கழிக்கும். ஒருத்தி பறித்த கொழுந்தில் ஒட்டிய பனித்துளிக்குக்கூடக் கழிக்கத் தெரிந்த அதே தராசுக்கு, அவள் பெற்ற பிள்ளையின்மேல் சுற்றியிருந்த கம்பளிக்குக் கழிக்கத் தெரியவில்லை.

கிராமத்துப் பிள்ளைகளை மருத்துவச்சி வெறும் உடம்போடு தட்டுத் தராசில் நிறுத்திருந்தாள். அப்படித்தான் நிறுக்க வேண்டும். அப்படியானால் நாங்கள் ஒப்பிட்டது எதை? ஒரு பக்கம் பிள்ளைகள். மறுபக்கம் பிள்ளையும் கம்பளியும் கவ்வாத்துக் கத்தியும்.

4. மறுபடியும் மடுவத்தில்

திங்கட்கிழமை சேரிடம் சொன்னேன். முதலில் அவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். சூனியம் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள சரியான சொல் என்று வாதாடினார். சொல் சரிதான் சேர், பிள்ளையின் எடைதான் பிழை என்றேன்.

"இதுக்குள்ளை உம்மடை சொந்தக்காரரைக் கொண்டு வராதையும்," என்றார்.

சொந்தக்காரர் இருந்தபடியால்தான் தெரிய வந்தது, இல்லாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். அன்றைக்கு என் வேலை போயிருக்கலாம். போகவில்லை. அவர் அந்த நியம விலகலை மறுபடி எடுத்துப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அவருக்குள் இருந்த புள்ளிவிபரக்காரருக்கு விளங்கிவிட்டது. மறு நிறுவைக்கு ஒத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஒரே தட்டுத் தராசு, வெறும் உடம்பு, நிறுப்பது நான்.

குளிர் காலம். மடுவத்தில் தாய்மார் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பளியை அவிழ்க்க ஒருத்தியும் முன்வரவில்லை. நான் கருதுகோளைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஒங்க பிள்ளைகளும் நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே எடைன்னு எழுதிட்டாங்க. அதனாலதான் பால் நின்னுச்சு. அது பொய்யின்னு காட்டணும்னா, பிள்ளைய மட்டும் நிறுக்கணும். இரும்ப நீங்க கையில வச்சுக்குங்க, தராசுல வைக்காதீங்க."

முதலில் அக்காதான் அவிழ்த்தாள். சுமதி குளிரில் வீறிட்டாள். தராசு முள் நின்ற இடத்தைப் பார்த்து, பின்னால் நின்ற பெண்கள் தங்கள் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

அலுவலகத்தில் மெஷினைச் சுற்றினேன். விடை அட்டவணைப் பெறுமானத்தைத் தாண்டியது. தாராளமாகத் தாண்டியது. நான் சந்தோசப்படவில்லை. எங்கள் பிள்ளைகள் மெலிந்தவர்கள் என்று நிரூபித்ததில் என்ன சந்தோசம்.

5. இரண்டு அறிக்கைகள்

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

இரண்டாவது அறிக்கையின் வரைவைச் சேர் எனக்குத் தந்தார். வித்தியாசம் உண்டு, பால் தொடர வேண்டும் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வசனம். முந்திய நிறுவைக்குப் பின்னர் தோட்டப் பிள்ளைகளின் எடை வீழ்ச்சியடைந்துள்ளது, இதற்குத் தாய்மாரின் கவனக்குறைவே காரணமாகலாம்.

முதல் அறிக்கை பிழை என்று எழுத அலுவலகத்துக்கு வாய் வரவில்லை. அதற்காகக் கம்பளியின் எடையையும் இரும்பின் எடையையும், தாய்மார் தொலைத்துவிட்ட எடையாக எழுதிவிட்டார்கள்.

நான் வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு அக்காவிடம் போய், சுமதியின் கம்பளியையும் அந்த உடைந்த கத்தியையும் வாங்கி வந்தேன். திங்கள் காலை அதை முடிந்தபடியே சேரின் மேசையில், அந்த வரைவின் மேல் வைத்தேன்.

"தாய்மாரின் கவனக்குறைவு இதுக்குள்ள இருக்கு, சேர். தூக்கிப் பாருங்க."

அவர் தூக்கிப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்துக் கடைசி வசனத்தை வெட்டினார். ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை. எழுதுங்கள் என்று நான் நின்றேன். அவர் வரைவை ஃபைலில் செருகினார்.

பால் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஃபைலில் இரண்டு அறிக்கைகளும் இன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். முதலாவதில் சமம், இரண்டாவதில் வித்தியாசம், நடுவில் காரணம் கிடையாது. நாளைக்குப் படித்த பிள்ளை ஒருவர் அதைத் திறந்தால், பால் நின்ற காலத்தில் இந்தப் பிள்ளைகள் இத்தனை ராத்தல் இளைத்தார்கள் என்று ஒரு கட்டுரைகூட எழுதலாம்.

இப்போது மெஷினைச் சுற்ற வேண்டியதில்லை, தோள் வலிக்காமல் விடை வந்துவிடுகிறது. இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு கூட்டத்தை ஒப்பிடச் சொன்னால், அட்டவணையைத் திறப்பதற்கு முன் பஸ் ஏறிப் போய், கொக்கியில் என்ன தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்ததை எழுதியும் வையுங்கள்.

சுமதி இளைக்கவில்லை. முதல் நாளே அவள் அவ்வளவுதான் இருந்தாள்.