திமிங்கலத்துக்கும் வலைக்கும் நடுவில்

மகேசு, பவானி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீடியோவைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டீர்கள் என்று தெரியும். கறுப்பு முதுகு ஒன்று கடலில் எழும்புகிறது. தண்ணீர் புகை மாதிரி பீய்ச்சுகிறது. பின்னால் ஒரு அம்மா "ஓ மை காட்" என்கிறார். அதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் படகை ஓட்டியது உங்கள் அப்பா என்பதில் உங்களுக்குப் பெருமை. ஆனால் பவானி நேற்று, "எங்களையும் கூட்டிட்டுப் போப்பா, ஜாலியா இருக்கும்" என்று கேட்டபோது நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். வீடியோ முடிந்த இடத்துக்குப் பிறகு நடந்ததுதான் என் பதில். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். நாளைக்கு நீங்களும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு வண்டி ஓட்டும் வேலைக்குப் போகலாம். அப்போதும் உதவும்.

1. பாஸ் போன் செய்தது

மாசி மாதத்தில் கடல் அடங்கியிருக்கும். அந்த நாட்களில் மீன்பிடிப்போடு ஃபைபர் போட்டில் கெஸ்ட்டுகளை ஏற்றிப்போய் டால்பின் காட்டும் வேலையும் எனக்கு உண்டு. ஆள் பிடித்து அனுப்புகிறவர் பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் பாஸ்.

"ஏம்பா ஏழுமலை, குயிலாப்பாளையத்துல ஒரு புருஷன் பொஞ்சாதி தங்கியிருக்காங்க. டால்பின்லாம் பாத்துட்டாங்களாம். திமிங்கலம் வேணுமாம்."

"திமிங்கலம் என்னா பாஸ், ஏலக்கூடத்துலயா கிடக்குது, வேணும்னா எடுத்துக் குடுக்க?"

"கிண்டலை விடு. ஆழத்துல ரெண்டு மூணு நாளா தெரியுதுன்னு உங்க குப்பத்து ஆளுங்கதான் சொன்னாங்க. போய்க் காட்டிட்டு வா. கிட்ட மட்டும் போவாதே."

உங்கள் குமார் மாமாவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். விடிந்ததும் சாரும் மேடமும் வந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டபோது சார் கேட்டார்: "இது போட்டா முழுக மாட்டோம்ல?"

"முழுக மாட்டீங்க சார். மிதந்துக்கிட்டே இருப்பீங்க, நாங்க வந்து எடுக்கிற வரைக்கும்" என்றான் குமார். மேடம் சிரித்தார். சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

2. வீடியோ எடுத்த இடம்

கரையிலிருந்து கிழக்கே போகப்போக முதலில் பனைமரங்கள் மறையும். அப்புறம் செல்போன் டவரும் மறையும். தண்ணீர் பச்சையிலிருந்து கறுப்பாகும். சார் அதற்குள் ரெண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, போட்டின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. லாரி டயரில் காற்று பிடுங்கியதுபோல ஒரு பெரிய மூச்சு. காற்றோடு அழுகின மீன் வாடை அடித்தது. மோட்டாரைக் குறைத்துத் தூரத்திலேயே நின்றேன். முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது. நம் போட்டைப் போல ரெண்டு போட் நீளம் இருக்கும். மேடம் எழுந்து நின்று வீடியோ எடுத்தார். நீங்கள் பார்த்தது அதுதான்.

பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டது. இது சின்ன மூச்சு. குட்டி.

"மாமா, திருப்பு" என்றான் குமார். அவன் விளையாட்டு நின்றுவிட்டது. குட்டியோடு இருப்பதன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். தாயும் பிள்ளையும் தங்கள் போக்கில் போகட்டும் என்று போட்டை அகலமாக வளைத்துத் திருப்பினேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. முன்னால் எதுவும் தெரியவில்லை. மோட்டார் ஒரு உதறு உதறிவிட்டு நின்றது.

எட்டிப் பார்த்தேன். ப்ரொப்பல்லரில் வலை.

3. அடுத்தவன் வலை

எங்கிருந்தோ அறுத்துக்கொண்டு வந்த மிதவை வலை அது. ஆள் இல்லை, போட் இல்லை. ஒரு பக்கம் மிதவைகளும் அடையாளக் கொடி ஒன்றும் கொஞ்சம் மேலே தெரிந்தன. மற்றது சுவர் மாதிரி தண்ணீருக்குள் தொங்கியது. மோட்டாரைத் தூக்கிப் பார்த்தேன். வலையின் பாரம் தூக்கவிடவில்லை.

திமிங்கலம் நம்மைக் கடிக்காது, பிள்ளைகளே. நான் பயந்தது வேறு. நாங்கள் இப்போது அந்த வலையோடு கட்டப்பட்டிருந்தோம். குட்டி விளையாட்டாக வந்து அந்தச் சுவரில் மாட்டினால் உதறும். தாய் அதை விடுவிக்க முட்டும். வலை இழுபடும் பக்கம் போட்டும் போகும். பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கினால் கவிழ அதிக நேரம் ஆகாது.

கத்தியை எடுத்தேன். குமார் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மாமா, அறுக்காதே. கொடியைப் பாரு. கூனிமேடு பக்கத்து ஆளு வலை."

"அதுக்கு?"

"அதுக்கா? அடுத்தவன் வலையில கத்தி வச்சா பஞ்சாயத்துல என்னா சொல்வாங்க? நம்ம அப்பன் பாட்டன் யாராவது வச்சிருக்கானா? இரு, நான் சுத்தைப் பிரிச்சி எடுக்கிறேன்."

இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கரையில் பிறந்தவனுக்குக் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. அடுத்தவன் வலையை அறுத்தவன் என்று பேர் வாங்கினால் அவன் பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். என் கையும் நின்றது. குமார் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்க ஆரம்பித்தான். ஒரு சுற்று வந்தால் ரெண்டு சுற்று இறுகியது.

மேடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, அது எங்க போச்சு?"

திமிங்கலம் மேலே இல்லை. அது முங்கின இடத்தில் எண்ணெய் ஊற்றினதுபோலத் தண்ணீர் வட்டமாக வழுவழு என்று கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வட்டம் வந்தது, எங்களுக்குக் கிட்டத்தில். அடுத்தது இன்னும் கிட்டத்தில். சார் கண்ணை மூடிக்கொண்டு, "ஏன் நிக்கிறீங்க? போகலாமே, போகலாமே" என்று முனகினார். என்னை நம்பி ஏறின மனுஷன்.

"குமாரு, நகரு."

"மாமா..."

"பஞ்சாயத்துக்கு நான் போறேன்டா. நகரு."

4. தண்ணீருக்குள்

மேலிருந்து எட்டிய சுற்றை அறுத்துவிட்டேன். அடியில் இருந்த சுற்று எட்டவில்லை. இறங்கினால்தான் ஆகும். ஒரு கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையைக் குமாரிடம் கொடுத்தேன். ஜாக்கெட்டைக் கழற்றினேன். அது இருந்தால் முங்க முடியாது.

சின்ன வயசிலிருந்து கடலில் விழுந்து எழுந்தவன் நான். அன்றைக்குத் தண்ணீரில் காலை வைத்தபோது கெண்டைக்கால் சதை தானாக ஆடியது. பயத்தில் உடம்பு நடுங்கும் என்பார்களே, நடுங்கவில்லை. அந்த ஒரு சதை மட்டும், என் பேச்சைக் கேட்காமல்.

முங்கினேன். ஒரு கையால் மோட்டாரின் தண்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுத்தேன். நைலான் இறுகி ரப்பர் மாதிரி இருந்தது. மூச்சுக்கு மேலே வந்தேன், மறுபடி முங்கினேன். அப்போது வெளிச்சம் குறைந்தது. மேகம் என்று நினைத்தேன். மேகம் மேலிருந்து அல்லவா வரும்? இது கீழிருந்து வந்தது.

தலையை முழுதும் திருப்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஓரக்கண்ணில், காலுக்குக் கீழே, சாம்பல் நிறமாக ஏதோ போய்க்கொண்டே இருந்தது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அது நகர்ந்த தண்ணீர் என் காலை ஒரு பக்கமாகத் தள்ளியது. தொடவில்லை. தள்ளியதோடு சரி. நான் கத்தியைத் தவறவிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. உங்கள் ரெண்டு பேர் முகமும் வந்தது என்று சொல்ல ஆசைதான். எந்த முகமும் வரவில்லை. அறு, அறு என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

கடைசி நூல் விட்டது. குமார் இழுத்த இழுப்பில் இடுப்பில் கயிறு பதிந்துவிட்டது. மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தோம். வலை தெற்கே மிதந்தது. வடக்கே பெரிய மூச்சு ஒன்று எழுந்தது. அதன் பக்கத்தில் சின்னதும் எழுந்தது. குட்டி தப்பித்தது என்று அப்போதுதான் தெரிந்தது. மேடம் அழுதார். வீடியோ எடுக்கவில்லை.

5. வலைக்காரர்

டவர் கிடைத்ததும் கூனிமேடு பக்கம் தெரிந்தவருக்குப் போன் போட்டு, வலை மிதக்கும் இடத்தைச் சொன்னேன். அறுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அன்று சாயங்காலமே வலைக்காரர் பைக்கில் நம் குப்பத்துக்கு வந்துவிட்டார். அதற்குள் அவருடைய ஆட்கள் மிச்ச வலையைக் கடலிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாலு பேருக்கு முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யாருய்யா என் வலையில கத்தி வச்சது?"

"நான்தாங்க."

நடந்ததைச் சொன்னேன்.

"மீனுக்குப் போட்ட வலையில உன்னைப் புடிச்சிருக்கேன். வித்தாலும் விலை போவாது போல இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "குட்டி மாட்டலையே?"

"மாட்டலீங்க."

"அப்பச் சரி. நாளைக்கு வந்து கூட உக்காந்து கட்டிக் குடு."

மறுநாள் நானும் குமாரும் போய் அவரோடு உட்கார்ந்து கிழிசலைக் கட்டிக் கொடுத்தோம்.

அதிலிருந்து நான் கற்றது இது. அடுத்தவன் பொருளில் கை வைக்காதே என்பது நல்ல சட்டம்தான். உன்னை நம்பி ஏறினவன் உயிர் அந்தச் சட்டத்துக்கு மேலே. அறுக்க வேண்டிய நேரத்தில் அறு. அப்புறம் ஒளியாமல் போய் நான்தான் என்று சொல்.

இது வேலைக்கான பாடம். பயத்துக்குப் பாடம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பிறகு நான் தண்ணீரில் இறங்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. போட்டைத் தள்ளும்போது குமார்தான் இறங்குகிறான். நான் மேலேயே நின்று மோட்டாரைப் பிடித்துக்கொள்கிறேன். உங்களை ஏற்றிப்போய் நீங்கள் தவறி விழுந்தால் நான் குதிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் பவானிக்குப் பதில் வரவில்லை.

இன்று மத்தியானம், கரையில் யாரும் இல்லாத நேரத்தில், தனியாகப் போனேன். சட்டையைக் கழற்றிப் போட்டின் மேல் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீர் வரை நடந்தேன். அந்தச் சதை ஆட ஆரம்பித்தது. ஆடட்டும் என்று கழுத்தளவுக்குப் போனேன். தலையை முக்கிக் கண்ணைத் திறந்தேன். உப்பு எரிந்தது. மணல் தெரிந்தது. என் காலடியில் கிளம்பிய கலங்கல் தெரிந்தது. மூச்சு முட்டும்வரை இருந்துவிட்டு எழுந்தேன். கரையைப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை முங்கினேன்.