எழுபத்தாறு சதவீதம்

பல்கலைக்கழக அலுவலகத்தில் வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் அந்த எழுத்தருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘முக்கா அக்கா’. நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே வருகை போனால் வீட்டுக்குக் கடிதம் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே முட்டி வலி. பட்டப்பெயர் காதில் விழுந்தாலும் கோபிக்க மாட்டாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே!

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இரங்கல் கூட்டம் நடந்தது, துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் பதிவிலிருந்து பையனின் பெயரை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு ‘வரவில்லை, வரவில்லை’ என்று போட்டுக்கொண்டே வந்தது. மாதக் கடைசியில் கட்டோடு கட்டாக அவன் வீட்டுக்கும் கடிதம் போய்விட்டது. கீழே இவள் கையெழுத்து.

பையனின் அப்பா நேரில் வந்தார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் இவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கடிதத்தை மேசைமேல் விரித்தார்.

“வராததுக்குக் காரணம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கீங்கம்மா. எங்களுக்கே தெரியல. இங்க யாருக்காச்சும் தெரியுமா?”

அவர் போனபின் பழைய பதிவைப் புரட்டினாள். தொண்ணூற்றாறு, எண்பத்தெட்டு, எழுபத்தாறு. மூன்றே மாதத்தில் பையன் எல்லோர் கண்ணெதிரிலும் சரிந்திருக்கிறான். எழுபத்தைந்துக்குக் கீழே போகவில்லை, அதனால் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. விதிமுறை அப்படி. தூக்கிக் குப்பையில் போடவேண்டிய விதிமுறை!

நிர்வாகம் குழு போட்டது, குழு அறிக்கை கொடுத்தது. ஒன்பதாயிரம் பேருக்கு ஒரே ஒரு மனநல ஆலோசகரும், சுவரெங்கும் ஒரு உதவித் தொலைபேசி எண்ணும் வந்தன. இவள் மட்டும் யாரும் சொல்லாமலே, கடித வேலைக்கு நடுவே, வருகை சரிகிறவர்களைத் தனியாகக் குறித்துப் போன் செய்ய ஆரம்பித்தாள்.

இந்த மாதம் குறித்த பெயர்கள் பன்னிரண்டு. முதல் பெண் தொண்ணூற்று நாலிலிருந்து எழுபத்தொன்பதுக்கு வந்திருந்தாள். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை.

“உங்க வேலை லெட்டர் அனுப்புறது. இந்த வம்பெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றார் கண்காணிப்பாளர்.

“லெட்டர் போனப்புறம் அழுது என்ன சார் பண்ண?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

விடுதியின் மூன்று மாடியையும் ஏறிக் கதவைத் தட்டினாள். திறக்கும்வரை உயிர் கையில் இல்லை. திறந்தது. சீவாத தலையோடு அந்தப் பெண் நின்றாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“போன் எடுக்கலையேம்மா, பயந்துட்டேன். ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. செத்துடலாம்னு தோணுதா?”

அந்தப் பெண் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சில நேரம்.”

கையைப் பிடித்து ஆலோசகர் அறைக்குக் கூட்டிப்போனாள். வாசலில் இருந்த உதவியாளர் நோட்டைப் புரட்டி, “பத்தொன்பது நாள் கழிச்சுதான் இடம் இருக்கு” என்றார்.

“சரி, அதுவரைக்கும் இந்த பெஞ்சுலயே உக்காந்திருக்கோம்.”

உட்கார்ந்தும் விட்டாள். சாப்பிடக் கிளம்பி வெளியே வந்த ஆலோசகரின் முகத்திலும் களைப்புத்தான். இருவரையும் பார்த்தார். சாப்பாட்டுப் பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை வரச்சொன்னார்.

“நீங்க போயிடுவீங்களா?” என்று பெண் திரும்பிக் கேட்டாள்.

“போகமாட்டேன். நீ வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

கதவு சாத்திக்கொண்டது. இவள் மடியில் பன்னிரண்டு பேர் பட்டியலை விரித்து, இரண்டாவது பெயருக்குரிய எண்ணை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.