பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே விடை

குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒட்டி நின்ற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் மண்சரிவில் புதைந்ததைக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஓடிவந்தேன். தோண்ட வந்த அதிகாரி இடங்காட்டும் கைக்கருவியைக் காட்டினார். திரையில் அகலக்கோடும் நெடுங்கோடும் எண்களாக நின்றன. என் உள்ளங்கை எரிந்தது.

ஏழாம் வகுப்பில், வரைபடத்தைப் பார்த்து அவரவர் வீட்டின் அகலக்கோடு, நெடுங்கோடு எழுதச் சொன்னார் டீச்சர். நனைந்த கம்பளி நாற்றத்தோடு உட்கார்ந்திருந்த லயத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஒரே விடையை எழுதினோம்.

"எல்லாருக்கும் ஒரே வீடா? ஒருத்தரப் பார்த்தா ஒருத்தர் எழுதினீங்க?"

பிரம்பு எல்லோர் கையிலும் இறங்கியது.

"காம்பரா வேற வேறதாங்க டீச்சர். லயம் ஒன்னுதாங்க," என்றாள் பக்கத்துக் காம்பரா செல்வி. அவளுக்கு இன்னும் நாலு அடி விழுந்தது.

"செல்விங்கிறவங்கள மட்டும் மண்ணுல இருந்து இன்னும் எடுக்கல," என்றார் அதிகாரி. "அவங்க காம்பரா எது?"

சேறு ஒரே மட்டமாகக் கிடந்தது. திரையில் இருந்த எண் சரிதான். பன்னிரண்டு காம்பராவுக்கும் அது ஒன்றுதான்.