பார்வையாளர் மாடத்தில் அட்ராக்டா

அட்ராக்டா லீட்ரிம் பக்கம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டான் என்று அவள் தம்பி மாலக்கியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. விடிவதற்குள் லாக்கப்பிலேயே செத்துப்போனான். வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதாம். விசாரித்தவர்களும் போலீஸ்காரர்கள்தான்.

ஒரு நீதிபதியை வைத்து ஊரறிய விசாரியுங்கள் என்று அவள் கேட்கத் தொடங்கியதும் ஊரில் பாதிப் பேர் அவளைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள். மாற்றாதவள் தொகுதி உறுப்பினர் ஈமர் மட்டும்தான். சில வருஷம் கழித்துப் போலீஸ் சீர்திருத்த மசோதா டப்ளின் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது, "இந்த வழக்கை எழுப்பப் போறேன், நீ வந்து உட்காரு" என்றாள்.

மாடத்தில் சபைக் காவலர் முன்கூட்டியே எச்சரித்தார். "கத்துறதுக்குச் சம்பளம் வாங்குறவங்க கீழே இருக்காங்கம்மா. மேலே இருக்கிறவங்க மூச்சுவிடக் கூடாது."

ஈமர் கேள்வியைக் கேட்டு முடித்தாள். அமைச்சர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த விவகாரம் முடிஞ்சுபோச்சு. உள்விசாரணை முடிவைக் குடும்பத்தாரே ஏத்துக்கிட்டாங்க."

அட்ராக்டா முன்கம்பியை இறுகப் பிடித்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"யாரு ஏத்துக்கிட்டா? பேரைச் சொல்லுங்க. அவனுக்கு இருக்கிற ஒரே சொந்தம் நான்தான்."

சபாநாயகர் மணியை அடித்தார். காவலர் அவள் முழங்கையைப் பற்றினார். "வாங்கம்மா, என் வேலைக்கு உலை வைக்காதீங்க." அவள் படியிறங்கினாள். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

உள்ளே ஈமர் உட்காரவில்லை. "இப்ப வெளியே இழுத்துட்டுப் போனீங்களே, அவங்கதான் நீங்க சொல்ற குடும்பம். அவங்க எங்கே, எப்ப ஏத்துக்கிட்டாங்கன்னு அமைச்சர் சொல்லட்டும்."

அமைச்சர் காகிதங்களைப் புரட்டினார். பின்னால் இருந்த அதிகாரியிடம் குனிந்தார். ஆளுங்கட்சி வரிசையிலேயே முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில், தனக்குத் தவறான தகவல் தரப்பட்டதாகச் சொல்லி அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றார். கோடை முடிவதற்குள் ஒரு நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

மாலக்கி தலைவலி தாங்காமல் நெடுநேரம் கதவைத் தட்டியிருக்கிறான், பணியில் இருந்தவர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றது நீதிபதியின் அறிக்கை. அதைப் போனில் படித்துக் காட்டும்போது ஈமர் அழுதுவிட்டாள்.

அட்ராக்டா அழவில்லை. "தட்டியிருக்கானா," என்றாள். "இது தெரியணும்னுதான் இத்தனை வருஷம் அலைஞ்சேன், ஈமர். இப்ப இதை வச்சுக்கிட்டு எப்படித் தூங்கப் போறேன்னு தெரியலை."