மாதா படத்தை நோக்கி எழுந்த கை

அவளைப் பெண் கேட்டு நான் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இருந்த அவள் வீட்டுக்குப் போனபோது, அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"இன்னாபா, நீ குதிர ரேஸுக்குப் போறியாமே. இனிமே போமாட்டேன்னு மாதா படத்து மேல கை வெச்சி சத்தியம் பண்ணு. அப்பால கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

எனக்குக் குதிரை பார்க்கவே தெரியாது. வால் அழகாக இருக்கிறது என்று நான் நம்புகிற குதிரை, மற்றவை ஓடி முடித்துத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வந்து சேரும். அப்படி ஒன்றுக்காகக் கிண்டியில் வேலியோரம் நின்று நான் கத்திக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்தில் நின்ற அவள் முதன்முதலாக என்னிடம் பேசினாள். "அது நடக்க சொல்லவே தூங்கிக்கினு வந்துச்சே, பாக்கல?" ரேஸுக்கு முன்னால் நடத்திக் கூட்டிவரும்போதே, நடையை வைத்துக் குதிரையை எடைபோடுகிறவள் அவள். அவள் அப்பாவுக்குத்தான் இது தெரியாது.

அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் கை தானாகவே மாதாவை நோக்கி எழுந்தது. அவள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அவரு சத்தியம் பண்ணிட்டா நான் யார்கூடப் போறது நைனா? அவருக்கு முன்னாடியே நான் போய்க்கினு கீறேன்."

அவர் என்னை முறைத்தார். "அப்ப ரெண்டு பேரும் ஜோடியா கெட்டுப் போவப் போறீங்களா?"

"ஆமா மாமா" என்றேன். அவள் இன்னும் என் கையை விடாததால் வந்த தைரியம் அது.

கல்யாணம் ஆகிவிட்டது. சத்தியம் மட்டும் இன்னும் பண்ணவில்லை. ரேஸ் நாளில் நாங்கள் இருவரும் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் ரயில் பிடிக்க ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடக்கிறோம். அது சுற்று வழி.