பிரவீனாவுக்கு முதலில் கிடைத்த லைசன்ஸ்

ஓரிக்கை ஜெபகுமார் பதினெட்டு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன். முகூர்த்த நாளில், பட்டுப்புடவை வாங்க வந்த கூட்டம் காந்தி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்போதுகூட, வேனை ரிவர்ஸிலேயே சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவான். மனைவி பிரவீனாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்ததும், "அங்க எறங்கின மறுநாளே எனக்கு டிரைவர் வேலை" என்று சொல்லிக்கொண்டுதான் கூடப் போனான்.

அந்த ஊர் லைசன்ஸ் இல்லாமல் எந்த வேலையும் கிடைக்கவில்லை. டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும் டெஸ்டில் சுலபமாகத் தேறினான். ரோடு டெஸ்ட்தான் காலை வாரியது. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அவன் கை தானாக இடப்பக்கம் இழுத்தது. ரவுண்டானாவில் திரும்பிப் பார்க்காமல் நுழைந்தான். ஹாரன் வேறு அடித்தான். நாலு தடவை போய், நாலு தடவையும் ஃபெயில்.

இதற்கிடையே பிரவீனாவை பஸ் போகாத இடத்திலிருந்த கிளினிக்குக்கு மாற்றினார்கள். அவளும் டிரைவிங் கற்கப் போனாள். அதுவரை சைக்கிள்கூட ஓட்டாதவள், சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தாள். இரண்டாவது டெஸ்டில் பாஸ்.

அவள் நீட்டிய கார்டை ஜெபகுமார் வாங்கிப் பார்த்தான்.

"போட்டோ நல்லாவே இல்ல," என்று திருப்பிக் கொடுத்தான்.

அதன்பிறகு ஒரு பழைய கார் வாங்கினார்கள். அவள் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனான். இல்லாத பிரேக்கை அவன் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். மெதுவாகப் போனால் "இதுக்கு நடந்தே போலாம்" என்பான். வேகமெடுத்தால் "எதுக்கு பறக்கற?" என்பான். ஒருநாள் அவள் காரைத் தூணில் உரசிவிட்டாள். இறங்கிப் பார்த்து "ஐயையோ" என்றான். மனசுக்குள் இனித்தது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊர் வந்தபோது, வேன் ஸ்டாண்டில் பழைய கூட்டாளி லோகேஸ்வரன் பிடித்துக்கொண்டான்.

"இன்னாபா, அங்க வண்டி ஓட்டிக்கினு கீறியா?"

"பின்ன? லைசன்ஸ் வாங்கி ஆறு மாசமாவுது." பக்கத்தில் நின்ற பிரவீனாவின் பக்கம் ஜெபகுமார் திரும்பவில்லை.

"ஆமாண்ணா," என்றாள் அவள். "எனக்கும் இவருதான் சொல்லித் தந்தாரு."

அவள் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். கார்டும் அவளுக்கு, பெரிய மனசும் அவளுக்கா? ஐயம்பேட்டை மாமியார் வீட்டுக்குப் போன ஷேர் ஆட்டோவில் அவளை விட்டுவிட்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மஸ்கட் திரும்பி ஒரு வாரம் கழித்து, அவளைப் பார்க்காமலே கேட்டான்: "ரவுண்டானாகிட்ட நீ இன்னா செய்வ?"

"கண்ணாடியப் பாத்தாலும், கழுத்தத் திருப்பி இன்னொரு தபா பாக்கணுங்க. டெஸ்ட் எடுக்கறவருக்குத் தெரியற மாதிரி."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

ஐந்தாவது தடவை தேறினான். இப்போது ஒரு மளிகைக் கடைக்கு டெலிவரி வேன் ஓட்டுகிறான். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அவன்தான் காரையும் எடுப்பான். பின்சீட்டில் வருபவர்கள் யாராவது பிரவீனாவிடம், "உனக்கு எத்தினி டெஸ்ட்ல கெடச்சுது?" என்று கேட்டால் மட்டும், ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவான்.