சுதாஜினியின் பெட்டியும் அப்புத்துரை வீட்டுக் குடிபூரலும்

பக்கத்து வீட்டில் கரண்ட் கேட்கிறவர்கள் எப்போதும் இரண்டு பல்ப்புக்குத்தான் கேட்பார்கள். இரண்டு பல்ப் என்பது கனகராயன்குளத்தில் ஒரு மரியாதைப் பேச்சு. அப்புத்துரையும் மரியாதை தெரிந்த ஆள்.

"சுதாக்கா, புதுவீட்டுக்கு இன்னும் கரண்ட் லைன் தரேல்லை. குடிபூரலுக்கு நாளும் வைச்சாச்சு. ரெண்டு பல்ப் எரிய ஒரு வயர் இழுக்கட்டே?"

"இழு தம்பி. வெயில் சும்மாதானே கிடக்குது."

சுதாஜினிக்குக் கோழிக்குஞ்சு பொரிப்பித்து விற்கிற தொழில். மணித்தியாலத்துக்கு ஒருமுறை கரண்ட் போய் வருகிற ஊரில், சூடு குறையாமல் முட்டையைக் காக்கிற தொழிலைத் தொடங்க ஒன்றில் அசட்டுத்தனம் வேண்டும், இல்லாவிட்டால் சுதாஜினியாக இருக்க வேண்டும். போன தடவை லைன் போனபோது குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே விறைத்துச் செத்தன. முட்டை தந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இன்னொருமுறை இப்படி நடந்தால் ஒருவரும் அவளை நம்பி முட்டை தரமாட்டார்கள். ஆனபடியால்தான் நகையை விற்று, கூரையில் சோலார் தகடும் சுவரில் இன்வேட்டர் பெட்டியும் பூட்டினாள்.

பூட்ட வந்த செந்தூரன் ஒழுங்காகத்தான் சொன்னான். "அக்கா, லைன் இருக்கேக்க பெட்டியால ஏலாத பாரத்தை லைன் தாங்கும். லைன் போனா பெட்டி தனிய. அப்ப கனக்கப் போட்டியளெண்டா, கத்திப்போட்டு நிண்டிடும்."

அவள் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்டாள். முதல் பாதி மனதில் ஒட்டியது. மற்றப் பாதி தேத்தண்ணீர்க் கோப்பையோடு குசினிக்குப் போய்விட்டது.

குடிபூரல் அன்று காலை வேலிக்கு மேலாக வயர் போனது. பல்ப் இரண்டும் எரிந்தன. பிறகு தண்ணீர் மோட்டர் போட்டார்கள். சட்னிக்குக் கிரைண்டர் போட்டார்கள். வீடியோக்காரன் ஆளை வேகவைக்கிற மாதிரி ஒரு லைற்றைக் கொளுத்தினான். கடைசியாக, கனடாவில் இருந்து வந்திருந்த அப்புத்துரையின் மச்சாள் வினோஜா, எண்ணெய் இல்லாமல் வடை பொரிக்கிற மெஷினை மேசையில் வைத்து ஊர்ப் பெண்களைச் சுற்றி நிற்க வைத்தாள்.

எல்லாம் ஓடின. சுதாஜினியின் பெட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. அவள் வேலியடியில் நின்று, "பாத்தியளோ, எல்லாம் வெயில்தான்!" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். பாதிக்கு மேல் வெயில் இல்லை. பெட்டியால் முடிகிற அளவைப் பெட்டி கொடுக்க, மிச்சத்தை லைன் கரண்ட் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. நெல்மூட்டையைத் தலையில் வைத்திருப்பவனைத்தான் ஊர் மெச்சும். பின்னால் ஒரு கை கொடுக்கிற மைத்துனனை யார் பார்க்கிறார்கள்?

ஐயர் மந்திரத்தைத் தொடங்க, அடுப்பில் பால் சூடேற, மைத்துனன் கையை எடுத்துவிட்டான். ஊரில் லைன் போனது.

பெட்டி கீச்சென்று கத்தியது. சில நொடி தாங்கிப் பார்த்துவிட்டு நின்றது. தானாக மறுபடி எழும்பியது, மறுபடி கத்தியது, நின்றது. மூன்றாவது தடவைக்குப் பிறகு எழும்பவேயில்லை.

சுதாஜினி உள்ளே ஓடினாள். அன்றுதான் முட்டைகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. ஓட்டுக்குள் இருந்து கீச்சுக் குரல்கள் கேட்டன. ஒரு முட்டையை எடுத்துக் கண் இமையில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது, ஆனால் நெடுநேரம் இராது. முட்டைப் பெட்டியின் மூடியை இறுக்கி மேலே சாக்கைப் போர்த்தினாள். செந்தூரன் சொன்ன மற்றப் பாதி அப்போதுதான் குசினியில் இருந்து திரும்பி வந்தது.

வேலிக்குப் போகிற வயரைப் பிடுங்கினால் காரியம் முடிந்துவிடும். கையும் பிளக் வரைக்கும் போனது. ஆனால் தறப்பாள் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் காலந்தள்ளி இன்றைக்குத்தான் கல்வீட்டுக்குள் கால் வைக்கிறான் அப்புத்துரை. பால் பொங்குகிற நேரத்தில் அந்த வீட்டை இருட்டாக்கியவள் என்ற பெயர் வேண்டாம். அவள் வயரை விட்டுவிட்டு வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் புகுந்தாள், வீட்டில் நின்ற அதே நைற்றியோடு.

முதலில் வடை மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ அக்கா, வடை பாதியில!"

"என்ர குஞ்சுகளும் பாதியிலதான் பிள்ளை."

மோட்டரைக் கழற்றினாள். கிரைண்டரைக் கழற்றினாள். வீடியோக்காரனிடம் வந்தபோது அவன் லைற்றைக் கட்டிப்பிடித்தான். "அக்கா, இது இல்லாட்டி படம் கறுப்பாத்தான் வரும்."

"வெளிமுத்தத்தில வெயில் கொளுத்துது. ஆக்களை அங்க விட்டு எடு." பிறகு குரலைத் தணித்து, "ஐயா, உங்கட மைக் இருக்கட்டும். அது கனக்க இழுக்காது."

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே தலையாட்டினார்.

வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டாள். இந்தமுறை அது கத்தவில்லை. முட்டைப் பெட்டியின் காற்றாடி சுழன்றது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டே இரண்டு பல்ப் எரிந்தன, பால் பொங்கியது.

அப்புத்துரை தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அக்கா, கோவமே?"

"உன்னில இல்லை. பெட்டி கத்தேல்லை எண்டு பெருமை கதைச்சுக்கொண்டு நிண்டது நான். ஒரு கதிரை தா."

அந்தக் கதிரையை அவன் வீட்டுப் பிளக் பலகைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சம்பந்தி வீட்டாரோ கனடாவோ, எவர் வந்தாலும் ஒரே கேள்விதான்: "கேத்திலோ கிரைண்டரோ? ஒண்டைச் சொல்லுங்கோ." இடையிடையே ஓடிப்போய் முட்டையைப் பார்ப்பாள், வந்து உட்காருவாள். பெரிய அதிகாரிகள்கூட இவ்வளவு நேர்மையாகக் கரண்ட் பங்கிட்டதில்லை. சாப்பாட்டுத் தட்டும் அவள் மடிக்கே வந்தது.

பந்தி நடக்கும்போது லைன் வந்தது. வினோஜா மெஷினோடு வந்து நின்றாள். "அக்கா, லைன் வந்திட்டுது. இப்ப போடலாம்தானே?"

"போடலாம். ஆனா அது போகேக்க எங்களிட்டச் சொல்லிப்போட்டுப் போறேல்லை. குஞ்சுகள் எல்லாம் வெளியில வரட்டும் பிள்ளை."

மிச்ச வடையை எண்ணெயில் போட்டார்கள். சுதாஜினி எழுந்து வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தாள். நனைந்த தலைகளோடு குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன.